வாசனை சேர்த்த தேயிலையும் வறுத்த தேயிலையும் பாக்கெட்டில் மணக்கின்றன, குடித்தால் ஒன்றுமே இல்லை. இவற்றை எப்படி ரசிப்பது? இவை உண்மையான டீதானா?

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்விகள். இரண்டாவதைப் பார்த்த பிறகுதான் பதில் எழுத உட்கார்ந்தேன். “உண்மையான டீதானா” என்பதை என்னிடம் பலர் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறார்கள். அதில் முக்கால்வாசிப் பேர் பதிலை முடிவு செய்துவிட்டுத்தான் கேட்டார்கள். நீங்கள் அப்படிக் கேட்கவில்லை என்று நம்புகிறேன். முதலில் உங்கள் கோப்பையைக் கவனிப்போம்.

யாரோ உங்களுக்கு ஒரு பரிசுப் பெட்டி கொடுத்திருப்பார்கள், அல்லது நீங்களே ஆசைப்பட்டு வாங்கியிருப்பீர்கள். வெனிலா, கேரமல், மல்லிகை, எர்ல் கிரே, வறுத்த டீ ஒன்று எனச் சின்னச் சின்னப் பாக்கெட்டுகள். எல்லாவற்றுக்கும் ஒரே கெட்டிலிலிருந்து கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி, ஐந்து நிமிடம் மூடாமல் வைத்து, சூடு இறங்குவதற்குள் குடித்திருப்பீர்கள். நான் ஊகித்தது தவறாக இருக்கலாம். ஆனால் இதே புகாரோடு வந்தவர்களிடம் விசாரித்தால் பெரும்பாலும் இந்தக் கதைதான் வரும்.

பாக்கெட்டை முகரும்போது மணம் மூக்கின் முன்பக்கமாக நேரே உள்ளே போகிறது. குடிக்கும்போது அந்த வழி கிடையாது. வாயிலிருந்து தொண்டையின் பின்பக்கமாக மேலே ஏறி மூக்கை அடைய வேண்டும், அதுவும் விழுங்கிய பிறகு மூக்கு வழியாக மூச்சு விடும்போதுதான் நன்றாக நடக்கும். நாக்குக்குத் தெரிந்தவை இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அப்புறம் காளானிலும் சூப்பிலும் வரும் உமாமி என்ற ருசி. மல்லிகை என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது. சந்தேகம் இருந்தால் மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடியுங்கள். கொஞ்சம் கசப்பும் துவர்ப்பும் தவிர எதுவும் இருக்காது. கையை எடுத்து மூச்சை விட்டால் அத்தனை மணமும் ஒரே நொடியில் வந்து நிற்கும். டீ சுவைப்பதையே வேலையாகச் செய்கிறவர்கள் சர்ரென்று சத்தம் போட்டு உறிஞ்சுவது இதற்காகத்தான். காற்றும் டீயும் சேர்ந்து வாய் முழுக்கத் தெறித்தால் மணம் தானாக மேலே ஏறும். வீட்டில் யார் என்ன நினைப்பார்கள் என்று பார்க்காமல் உறிஞ்சிக் குடியுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. வெனிலா, கேரமல் போன்ற மணங்களை நாம் வாழ்நாள் முழுக்கச் சர்க்கரையோடு சேர்த்தே பழகியிருக்கிறோம். அந்த மணம் வந்ததும் வாய் இனிப்புக்குத் தயாராகிவிடுகிறது, கோப்பையிலோ இனிப்பு இல்லை. அந்த ஏமாற்றத்தைத்தான் பலர் “ஒன்றுமே இல்லை” என்கிறார்கள். இந்த வகை டீயில் கால் ஸ்பூன் சர்க்கரை போட்டுப் பாருங்கள், மணம் திடீரென்று எழுந்து நிற்பது தெரியும். சர்க்கரை போட்டால் டீயை அவமதித்ததாகச் சண்டைக்கு வருபவர்கள் இருக்கிறார்கள். வசந்த காலத்தில் பறித்த மென்மையான வெள்ளை டீயில் நானும் போடமாட்டேன். கேரமல் டீயில் போடுவேன், அதற்கு யாரிடமும் அனுமதி கேட்கப்போவதும் இல்லை.

தண்ணீரின் சூடு அடுத்தது. பச்சைத் தேயிலையில் கேட்டகின் என்ற துவர்ப்புப் பொருட்கள் அதிகம், தண்ணீர் எவ்வளவு சூடோ அவ்வளவு வேகமாக அவை இறங்கும். மல்லிகை டீ பெரும்பாலும் பச்சைத் தேயிலையில்தான் செய்யப்படுகிறது. அதனால் 75, 80 டிகிரியில் இரண்டு மூன்று நிமிடம் போதும். கொதிநீரை ஊற்றினால் துவர்ப்பு முன்னால் வந்து பூவை அமுக்கிவிடும். எர்ல் கிரே பிளாக் டீ என்பதால் கொதிநீரைத் தாங்கும், ஆனால் மூடி வையுங்கள். அதிலிருக்கும் பெர்கமாட் எண்ணெய் எளிதில் ஆவியாகக்கூடியது. தெற்கு இத்தாலியின் கலாப்ரியாவில் விளையும் ஓர் எலுமிச்சை வகைப் பழத்தின் தோலிலிருந்து பிழிவது அது. திறந்து வைத்தால் அறை மணக்கும், கோப்பை மணக்காது.

வறுத்த டீக்கு நேர் எதிர். வறுக்கும்போது கேட்டகின் குறைந்துவிடுவதால் ஜப்பானிய ஹோஜிச்சாவில் கொதிநீரையே தயங்காமல் ஊற்றலாம். இலையைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டு அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடத்துக்குள் வடித்துவிடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டால் நீங்கள் சொன்ன மாதிரிதான் இருக்கும்.

ஐஎஸ்ஓ 3103 என்று ஒரு சர்வதேச முறை இருக்கிறது. 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் இலை, கொதிநீர், 6 நிமிடம். “அதுதானே சரியான முறை?” என்று யாராவது கேட்டால், அது வேறுவேறு இலைகளை ஒரே நிலையில் வைத்து ஒப்பிடுவதற்கான முறை என்று சொல்லுங்கள். சுகமாகக் குடிப்பதற்காக யாரும் அதை எழுதவில்லை.

சரி, இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

டீ பிரியர்கள் சிலர் அவ்வப்போது ஒன்றுகூடி, ஆளுக்கொரு இலை கொண்டுவந்து குடித்துப் பார்ப்போம். எங்களில் மூத்தவர் ஒருவர் உண்டு, எல்லோருக்கும் அண்ணன். டீ விஷயத்தில் எனக்குத் தெரிந்ததில் பாதி அவரிடம் கற்றது, அதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே சொல்கிறேன். ஒருமுறை நான் மல்லிகை டீயும் ஹோஜிச்சாவும் கொண்டுபோயிருந்தேன். டப்பாவைத் திறந்ததுமே அவர் கையை ஆட்டினார்.

“தம்பி, தேயிலைக்குன்னு ஒரு மணம் இருக்கு. அதுக்கு மேல சென்ட் அடிச்சா அது டீயே இல்ல. அந்த இன்னொண்ணு, விக்காம போன இலையை வறுத்து விக்கிறது.”

“அண்ணே, வாயில வச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க. அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கிறேன்.”

எனக்குச் சுருக்கென்று இருந்தது. அவர் என்னை மட்டும் சொல்லவில்லை, அந்த இலையைச் செய்தவர்களையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். நல்ல மல்லிகை டீ எப்படி உருவாகிறது தெரியுமா? சீனாவின் ஃபூஜியான் மாகாணத்தில் ஃபூச்சௌ நகரம் இதற்குப் பேர்போனது. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2014இல் அந்த ஊரின் மல்லிகை, தேயிலை முறையை உலக வேளாண் மரபாக அங்கீகரித்தது. மொட்டாகப் பறித்த மல்லிகை பொழுது சாய்ந்து மலரத் தொடங்கும் நேரம் பார்த்து, அதைத் தேயிலையோடு கலந்து குவிப்பார்கள். குவியல் சூடேறினால் பூ வாடிவிடும் என்பதால் இடையில் கிளறிக் காற்றாட விடுவார்கள். இரவு முழுக்க இலை அந்த மணத்தை உறிஞ்சும், கூடவே பூவின் ஈரத்தையும் உறிஞ்சும். காலையில் பூவைச் சலித்துப் பிரித்துவிட்டு இலையை மறுபடி உலர்த்த வேண்டும். உயர்ந்த ரகத்துக்கு இதைப் புதுப் பூ கொண்டு திரும்பத் திரும்பச் செய்வார்கள். இதற்குச் சென்ட் அடிப்பது என்றா பெயர்?

தெளிப்பதும் நடக்கிறது, அதை மறைக்கவில்லை. சுழலும் பீப்பாயில் இலையைப் போட்டு மேலே வாசனைத் திரவம் தெளிப்பது உலகம் முழுக்க உள்ள வழக்கம். கேரமல் மணமெல்லாம் வேறு எப்படியும் வராது. அதையும் பக்குவமாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், மட்டமான இலையை மூடி மறைக்கச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள்.

அன்றைக்கு என்னிடம் இரண்டு மல்லிகை டீ இருந்தன. ஒன்றில் காய்ந்த பூவிதழ்கள் நிறையக் கிடந்தன, இன்னொன்றில் வெறும் இலைதான். எது எது என்று சொல்லாமல் இரண்டையும் போட்டுக் கொடுத்தேன். முதல் கோப்பையில் பூப்போட்டதுதான் பலமாக மணந்தது, எல்லோரும் அதையே நல்லது என்றார்கள். அதே இலையில் மறுபடி தண்ணீர் ஊற்றினேன். பூப்போட்டதில் மணம் கழுவிவிட்டதுபோல் போய்விட்டது, வெறும் துவர்ப்புத் தண்ணீர். மற்றதில் மல்லிகை அப்படியே இருந்தது, முதலில் இருந்ததைவிடத் தெளிவாக. பூ காட்சிக்குச் சேர்த்தது. வேலையை முடித்த பூவை நல்ல மல்லிகை டீயில் பெரும்பாலும் சலித்து எடுத்துவிடுவார்கள். (சிச்சுவானில் அழகுக்காகவே பூவை விட்டுவைக்கும் அருமையான டீ உண்டு, அதைச் சொல்லி யாரும் சண்டைக்கு வரவேண்டாம்.) அண்ணன் இரண்டாவது கோப்பையைக் கீழே வைக்காமல் ரொம்ப நேரம் முகர்ந்துகொண்டிருந்தார். “இது இலைக்குள்ள இருக்கு” என்றார். அவர் இன்றும் மல்லிகை டீ குடிப்பதில்லை, வெறும் இலையின் மணம்தான் அவருக்குப் பிடிக்கும். அது அவர் ருசி. ஆனால் “டீயே இல்லை” என்ற பேச்சை அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து நான் கேட்கவில்லை.

வாசனை சேர்த்த டீயை எடைபோட எனக்குத் தெரிந்த ஒரே வழி இதுதான்: இரண்டாவது முறை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மணம் இலைக்குள் இருந்தால் திரும்ப வரும்.

இந்த ஏளனமும் புதிதில்லை. எட்டாம் நூற்றாண்டுச் சீனாவில் டீயைப் பற்றி விரிவாக எழுதிய லூ யூ, வெங்காயத்தாள், இஞ்சி, இலந்தை, ஆரஞ்சுத் தோல், புதினா எல்லாம் போட்டுக் கொதிக்கவைத்த டீயைச் சாக்கடையில் கொட்டும் தண்ணீர் என்று திட்டியிருக்கிறார். அதே லூ யூ தன் டீயில் உப்புப் போட்டார். அவரவருக்கு ஓர் எல்லைக்கோடு, அவ்வளவுதான்.

வறுத்த டீயைப் பற்றி அண்ணன் சொன்னதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஹோஜிச்சா 1920களில் கியோட்டோவில் பரவியபோது வறுபட்டவை காம்பும் முற்றிய இலையும்தான். அதனால் என்ன? விலைபோகாத இலையிலிருந்து இப்படி ஒரு மணத்தை எடுத்தார்களே, அதற்குக் கும்பிட வேண்டும். சூட்டில் இலையின் அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் சேர்ந்து பைரசீன் என்ற பொருட்கள் உருவாகின்றன. காபிக்கொட்டையின் வறுத்த மணத்தில் இருப்பவையும் இவைதான்.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். டப்பாவின் அடியில் மணம் போய் நமுத்துக் கிடக்கும் பழைய கிரீன் டீ இருந்தால் எடுங்கள். எண்ணெய் வாடை துளியும் இல்லாத கனமான வாணலியைச் சிறு தீயில் சூடாக்கி, ஒரு கைப்பிடி இலையைப் போட்டு விடாமல் ஆட்டிக்கொண்டே இருங்கள். முதலில் வேகவைத்த கீரை மாதிரி ஒரு பச்சை வாடை வரும், பயப்படாதீர்கள். அது மறைந்து கொஞ்ச நேரம் எந்த வாசனையும் இருக்காது. அப்புறம் ஓரத்து இலைகள் பழுப்பேறும், காம்புகள் லேசாக உப்பும், மெல்லிய புகை எழும், மணம் சட்டென்று இனிப்புப் பக்கம் திரும்பும். அதுதான் பதம். இலை பொன்வறுவலாக இருக்கும்போதே அடுப்பிலிருந்து இறக்கி உடனே தட்டில் பரப்பிவிடுங்கள், வாணலியிலேயே விட்டால் அந்தச் சூட்டிலேயே தீய்ந்துவிடும். நான் இந்த மணத்துக்காகவே பழைய இலையைத் தூக்கிப் போடாமல் சேர்த்து வைக்கிறேன்.

பச்சைத் தேயிலைக்கும் பிளாக் டீக்கும் நடுவில் நிற்கும் ஊலாங் என்ற வகையை வறுப்பது இன்னும் பெரிய கலை. ஃபூஜியானின் வூயி மலையில் கரித்தணலுக்கு மேல் மணிக்கணக்கில் வைத்து வாட்டுவார்கள். புதிதாக வாட்டிய இலையில் நெருப்பு வாடை தூக்கலாக இருக்கும், அதனால் சில வாரங்களோ மாதங்களோ ஆறவிட்டுத்தான் குடிப்பார்கள். உங்கள் பெட்டியில் வறுத்த ஊலாங் இருந்து, அது கரி மாதிரி மட்டும் மணந்தால், நன்றாக மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நாள் கழித்துத் திரும்பிப் பாருங்கள்.

இந்த இடத்தில் ஒரு வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் கேள்விக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எங்கே டீயைப் பற்றி எழுதினாலும் முதல் ஆளாக ஒருவர் வந்து “இதைக் குடித்தால் எடை குறையுமா?” என்று கேட்கிறார். விற்பவர்களும் அட்டையில் நச்சு நீக்கும், தொப்பை கரையும் என்று பெரிய எழுத்தில் போடுகிறார்கள். எந்த இலை, எங்கே விளைந்தது, எப்போது வறுத்தது என்ற தகவலுக்கு மட்டும் அட்டையில் இடமில்லை. பூவையும் நெருப்பையும் வைத்து இவ்வளவு வேலை செய்த இலையை மருந்துக் குப்பியாக்கிவிட்டார்கள். குடித்து மகிழ்வதற்கு என்று சொன்னால் போதாதா? மனிதனுக்கு அது ஒரு காரணம் இல்லையா?

திரும்பவும் உங்கள் பெட்டிக்கு வருகிறேன். எல்லாப் பாக்கெட்டுகளும் ஒரே பெட்டியில் மாதக்கணக்கில் கிடந்தால் எல்லாமே கொஞ்சம் வெனிலா வாடை அடிக்கும். மல்லிகையை உறிஞ்சிக்கொள்ளும் அதே குணத்தால், தேயிலை பக்கத்தில் இருக்கும் எதையும் உறிஞ்சிக்கொள்ளும். இன்றைக்கே பிரித்து, காற்றுப் புகாத, வெளிச்சம் படாத தனித்தனி டப்பாக்களில் போடுங்கள். லாப்சாங் சூச்சோங் இருந்தால் அதை வேறு அலமாரியிலேயே வையுங்கள். பைன் மரப் புகையில் உலர்த்திய டீ அது, மற்ற எல்லாவற்றையும் புகையாக்கிவிடும்.

வறுத்த டீயிலிருந்து தொடங்குங்கள், அதைக் கெடுப்பது கடினம். பொறுக்கும் சூட்டில் ஒரு வாய், நன்றாக ஆறிய பிறகு ஒரு வாய் குடித்துப் பாருங்கள், ஆறியதில்தான் இனிப்பு தெரியும். மல்லிகையை அதற்கு அடுத்த நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு முறை தண்ணீர் ஊற்ற மறக்காதீர்கள். அடுத்து வாங்கும்போது எதையும் 50 கிராமுக்கு மேல் வாங்காதீர்கள். நாளானால் முதலில் போவது மணம்தான்.