ஆப்பிள் நடுவில் கருப்பு: மீதியைச் சாப்பிடலாமா?

கேள்வி: ஆபரேஷன் முடிந்து வேலூரில் ஆஸ்பத்திரியில் இருக்கும் மாமியாருக்கு, எதிர்க்கடையில் ஆப்பிள் வாங்கினேன். வெளியே பளபளவென்று இருந்தது. வெட்டினால் விதையைச் சுற்றிக் கருப்பாகப் பஞ்சு மாதிரி பூஞ்சை. ‘விதை முத்தினா அப்படித்தாம்மா, அதை எடுத்துட்டுக் கொடுங்க’ என்கிறார் கடைக்காரர். கொடுக்கலாமா? (வாசகி, குடியாத்தம்)

பதில்: மாமியாருக்கு வேண்டாம். விதை முற்றினால் பழுப்பாகும், பஞ்சு முளைக்காது.

ஆப்பிளைத் திருப்பி அடிக்குழியைப் பாருங்கள். காய்ந்து சுருங்கிய இதழ் நுனிகள் தெரியும். பூவின் மிச்சம் அது. மாம்பழத்தில் நாம் தின்பது சூலகம் பருத்த சதை. ஆப்பிளில் சூலகம் என்பது நாம் தூக்கி எறிகிற நடுப்பகுதிதான். தின்கிற சதையில் பெரும்பகுதி, அதை மூடியிருந்த பூக்கிண்ணம் பருத்தது. சில பழங்களில் அடிக்குழியிலிருந்து விதையறைக்குப் போகும் மெல்லிய வழி அடைபடாமலே நின்றுவிடும். காஷ்மீர், இமாச்சலத்திலிருந்து வரும் சிவப்பு டெலிசியஸ் ரகத்தில் இந்தத் தொல்லை உண்டு. பூவில் ஒட்டிய பூஞ்சை அந்த வழியாக உள்ளே இறங்கிவிடும். தோலில் பொட்டு அடையாளம் இருக்காது.

பூஞ்சை அறைக்குள்ளேயே காய்ந்து கிடந்தால், சுற்றிலும் ஒரு விரல் அகலம் வெட்டி எறிந்துவிட்டு, திடமாக இருப்பவர்கள் சாப்பிடலாம். சதை பழுப்பேறி, ஈரமாக, வாடை வந்தால் முழுப்பழமும் குப்பைக்கு.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். விதைக்கூட்டைச் சுற்றிச் சதை கண்ணாடி மாதிரி, எண்ணெயில் நனைந்தது போல இருந்தால் அது அழுகல் அல்ல. செல்களுக்கு நடுவே காற்று இருக்க வேண்டிய இடத்தில் இனிப்புச் சாறு நிறைந்திருக்கிறது, அவ்வளவுதான். நிறம் மாறவில்லை, வாடையும் இல்லை என்றால் தாராளமாகச் சாப்பிடுங்கள். ஜப்பானில் இதைத் தேடி வாங்குகிறார்கள். நம் ஊரில் கிலோ கணக்கில் கொட்டுகிறோம்!

எனக்குக் கவலை ஜூஸ்தான். அழுகிய ஆப்பிளில் வளரும் ஒரு பூஞ்சை பாட்டுலின் என்ற நஞ்சைச் சுரக்கும். அரைத்து வடிகட்டிச் சர்க்கரையும் போட்டுவிட்டால் எந்தப் பழம் உள்ளே போனது என்று யாருக்குத் தெரியும்? அப்புறம் ஸ்டிக்கர். சொத்தையை மறைக்கவும் ஒட்டுகிறார்கள் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2018-ல் எச்சரித்தது. எச்சரித்ததோடு சரி. மே மாதம் மாம்பழக் குடோனில் கார்பைடு பிடித்துப் படம் எடுத்துக்கொள்கிற அதிகாரிகள் ஆப்பிள் பெட்டியை எப்போது திறக்கப் போகிறார்களோ!

அடுத்த முறை ஒரு பழத்தைக் கடையிலேயே வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போங்கள்.