லினக்ஸில் இரண்டு லைன் இருக்கும்போது பிங் எந்த வழியாகப் போகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஃபைபரும் எல்டிஇயும் (சிம் வழி மொபைல் இணையம்) உள்ள லினக்ஸ் கணினியில், எல்டிஇ பக்கத்து ஐபியைக் கொடுத்துப் பிங் செய்தால் பதிலே வரவில்லை, ஆனால் எல்டிஇ நன்றாகத்தான் இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதில் ஒரு ராத்திரி முழுக்க நானும் தவித்திருக்கிறேன். 2023-இல் இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் லோட்ஷெடிங் (முறைவைத்து மின்வெட்டு) உச்சத்தில் இருந்தது. ஃபைபர் நின்றால் கைகொடுக்கட்டும் என்று சாட்ஸ்வர்த்தில் மாமா கடையில் ஒரு எல்டிஇ ரவுட்டர் வைத்தோம். பிங் போகவில்லை. சிம்மை மாற்றினேன், ரவுட்டரை ஜன்னலோரம் நகர்த்தினேன். கடைசியில் பார்த்தால், அந்த ரவுட்டருக்கு ஒரு பாக்கெட்கூட (அனுப்பும் தரவுத் துண்டு) போய்ச் சேரவில்லை.

பிங் கட்டளையில் ஆங்கிலப் பெரிய ‘ஐ’ போட்டு ஐபி முகவரியைக் கொடுத்தால், அனுப்புநர் இடத்தில் அந்த முகவரி எழுதப்படும், அவ்வளவுதான். எந்த வாசலில் வெளியேறுவது என்பதை ரவுட்டிங் டேபிள் என்ற வழிப்பட்டியல்தான் முடிவு செய்யும். அங்கே மெட்ரிக் (முன்னுரிமை எண்) குறைந்த டிஃபால்ட் ரூட்டுக்கே (வேறு வழி குறிப்பிடாதபோது போகும் பொது வழி) முதலிடம், அதாவது ஃபைபருக்கு. 192.168.8.20 என்ற எல்டிஇ முகவரியைச் சுமந்துகொண்டு பாக்கெட் ஃபைபர் ரவுட்டருக்குப் போனால் பதில் எப்படித் திரும்பும்?

அதனால் முதலில் லினக்ஸின் மையமான கெர்னலையே கேளுங்கள்: ‘ஐபி ரூட் கெட் 8.8.8.8 ஃப்ரம் 192.168.8.20’. விடையில் ‘டெவ்’ என்பதை அடுத்து வரும் பெயர்தான் பாக்கெட் போகும் நெட்வொர்க் கார்டு.

சரி, முகவரிக்குப் பதில் கார்டின் பெயரைக் கொடுத்தால்? அந்தக் கார்டு வழியாகத்தான் போகும். ஆனால் அதற்கு டிஃபால்ட் ரூட் இல்லையென்றால், 8.8.8.8 அதே வயரில் பக்கத்திலேயே இருப்பதாகக் கெர்னல் எடுத்துக்கொள்ளும். போய்வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பை ஓடவிட்டபோதுதான் எனக்கு விளங்கியது: ‘8.8.8.8 யாரிடம்? 192.168.8.20-க்குச் சொல்’ என்ற ஏஆர்பி கேள்வி (ஒரே வயரில் இந்த ஐபி யாருடையது என்று விசாரிப்பது) நொடிக்கு ஒருமுறை வந்துகொண்டே இருந்தது. கேட்வேயை, அதாவது வெளியே அனுப்பிவைக்கும் ரவுட்டரை, தேடவே இல்லை.

நான் செய்தது இது: மெயின் டேபிளில் எல்டிஇ கேட்வே 192.168.8.1-க்கு மெட்ரிக் கூடுதலாக ஒரு டிஃபால்ட் ரூட். அப்புறம் டேபிள் 200 என்ற தனி ரவுட்டிங் டேபிளிலும் அதே கேட்வே. 192.168.8.20-இலிருந்து கிளம்புவதெல்லாம் டேபிள் 200-ஐப் பார்க்கும்படி ஒரு ‘ஐபி ரூல்’. அதற்குப் பின் முகவரி கொடுத்தாலும் பெயர் கொடுத்தாலும் எல்டிஇ வழியாகவே போனது.

ரூல் இல்லாமல் மெட்ரிக்கை மட்டும் நம்பிக் கார்டின் பெயரைக் கொடுத்தால் இன்னொரு குழப்பம் வரலாம். பதில் வந்து சேர்வது டிசிபிடம்ப்பில் தெரியும், பிங்குக்கு மட்டும் எட்டாது. அப்போது ‘ஆர்பி ஃபில்டர்’ (அனுப்புநருக்குத் திரும்பும் வழியும் அதே கார்டுதானா என்று பார்க்கும் கெர்னல் அமைப்பு) 1 என்று இருக்கிறதா பாருங்கள். 2 என்று மாற்றினால் உள்ளே விடும்.