பன்னிரண்டு கிளப்புகள், ஏழு நாடுகள்: அனெல்கா பற்றிய உங்கள் கேள்விகள்

கேள்வி: பிரெஞ்சு கால்பந்து வீரர் நிக்கோலா அனெல்கா அடிக்கடி கிளப் மாறியவர் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். தொடக்கம் எப்படி?

பதில்: 1979-இல் பிறந்தார். மார்டினிக் தீவிலிருந்து வந்த குடும்பம். பாரிஸுக்கு மேற்கேயுள்ள திராப் புறநகரில் வளர்ந்தார். பாரிஸ் சான் ஜெர்மானில் இருந்தவரை 1997 தொடக்கத்தில் சுமார் 5 லட்சம் பவுண்டுக்கு லண்டன் கிளப்பான ஆர்சனல் வாங்கியது. அடுத்த பருவத்தில் லீக் பட்டத்தோடு எஃப்.ஏ. கோப்பையும் கிடைத்தது. அந்த இறுதிப்போட்டியில் நியூகாசிலுக்கு எதிராக இரண்டாவது கோலை அடித்தபோது அவருக்கு வயது பத்தொன்பதுதான்.

கேள்வி: ரியால் மாட்ரிடில் அவர் தோல்வி அடைந்தார் என்பது உண்மைதானே?

பதில்: பாதி உண்மை. 1999-இல் 2.2 கோடி பவுண்டுக்கும் அதிகமான தொகைக்குச் சென்றார். லீக்கில் அடித்தது இரண்டே கோல்கள். பயிற்சிக்கு வர மறுத்ததற்காக கிளப் அவரை 45 நாட்கள் இடைநீக்கம் செய்தது. இதுவரை எல்லோரும் சொல்வார்கள். பிறகு நடந்ததை ஏனோ மறந்துவிடுகிறார்கள். தண்டனை முடிந்து திரும்பியவர், ஐரோப்பிய கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் பேயர்ன் மியூனிக்குக்கு எதிரான இரண்டு ஆட்டங்களிலும் கோல் அடித்தார். ரியால் மொத்தக் கணக்கில் 3-2 என்று வென்றது. அந்த இரண்டு கோல்கள் இல்லாவிட்டால் 2000-இல் கோப்பை மாட்ரிடுக்கு வந்திருக்காது. இதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஆர்சனல் பயிற்சியாளர் வெங்கரிடம் இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் இருந்திருக்கலாமே என்ற ஆதங்கம் இன்றுவரை எனக்குண்டு.

கேள்வி: ஆர்சனலுக்கு அவரால் நஷ்டமா?

பதில்: துளியும் இல்லை. அவரை விற்ற பணத்தில்தான் முன்கள வீரர் தியரி ஹென்றி வந்தார், லண்டன் கோல்னி பயிற்சி மைதானமும் எழுந்தது.

கேள்வி: 2008-இல் மாஸ்கோவில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டியில் செல்சி தோற்றதற்கு அவர்தான் காரணமா?

பதில்: கூடுதல் நேரத்தில் மாற்று வீரராக இறங்கியவர் அவர். செல்சியின் ஏழாவது பெனால்டியை அவர் உதைக்க, மான்செஸ்டர் யுனைடெட் கோல்கீப்பர் வான் டெர் சார் தடுத்துவிட்டார். அதற்கு முன்பே, அடித்திருந்தால் கோப்பை என்ற நிலையில் செல்சி கேப்டன் டெர்ரி வழுக்கி விழுந்திருந்தார். பழியை ஒருவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. அடுத்த பருவத்திலேயே 19 கோல்களுடன் பிரீமியர் லீக்கில் அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணியை வென்றார். என் கணக்கில் அவருடைய சரியான பதில் அதுதான்.

கேள்வி: நீங்கள் அவரை எல்லாவற்றிலும் தாங்கிப் பிடிக்கிறீர்கள். 2010 உலகக்கோப்பை?

பதில்: மெக்சிகோவுக்கு எதிரான ஆட்டத்தின் இடைவேளையில் பிரான்ஸ் அணியின் பயிற்சியாளர் டொமெனெக்கைத் திட்டியது தவறு. அவரை நாட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். சக வீரர்கள் பயிற்சியைப் புறக்கணித்தார்கள். பின்னர் அவருக்கு 18 ஆட்டத் தடை விதிக்கப்பட்டது. 2013 டிசம்பரில் வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் என்ற இங்கிலாந்து கிளப்புக்காக கோல் அடித்துவிட்டு அவர் காட்டிய, யூத வெறுப்பாகக் கருதப்படும் சைகை இன்னும் மோசமானது. ஐந்து ஆட்டத் தடையும் 80,000 பவுண்டு அபராதமும் வந்தன. அவர் ஆட்டத்தை நேசிப்பவன் என்பதற்காக இவற்றை நான் மறைக்க மாட்டேன்.

கேள்வி: மும்பை சிட்டிக்கு ஓய்வெடுக்கத்தானே வந்தார்?

பதில்: 2014-இல் வீரராக வந்தவர் 2015-இல் வீரராகவும் பயிற்சியாளராகவும் பொறுப்பேற்றார். ஐ.எஸ்.எல். எனப்படும் இந்தியன் சூப்பர் லீக் தொடரில் இந்தியர் ஒருவரின் முதல் ஹாட்ரிக்கை சுனில் சேத்ரி அடித்தது அந்தப் பருவத்தில், அவருடைய அணியில்தான். ஓய்வெடுக்க வந்தவர் அந்தச் சுமையை ஏற்றிருப்பாரா?

கேள்வி: அவரை அறிய ஒரே ஓர் ஆட்டம் பார்க்க வேண்டுமென்றால்?

பதில்: 1999 பிப்ரவரி 10, வெம்பிளி. இங்கிலாந்து 0, பிரான்ஸ் 2. இரண்டும் அவருடைய கோல்கள். கோல்களை மட்டும் பார்க்காதீர்கள். பந்து வருவதற்கு முன் தடுப்பாட்டக்காரரின் முதுகுப்பக்கம் அவர் எங்கே நிற்கிறார், எந்த நொடியில் கிளம்புகிறார் என்பதைக் கவனியுங்கள்.