வாசகர் கேள்வி – பதில்: ஜெர்மனியில் படிப்பும் மருத்துவக் காப்பீடும்

ஜெர்மனியில் குளிர்காலப் பருவம் அக்டோபர் மாதம் தொடங்குவதால், அங்கு மேற்படிப்புக்குச் செல்லும் மாணவர்களிடமிருந்தும் பெற்றோரிடமிருந்தும் இந்த முறை நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பெரும்பாலான கடிதங்கள் மருத்துவக் காப்பீட்டையே கேட்டிருப்பதால், இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். தொகைகள் அனைத்தும் 2025ஆம் ஆண்டு நிலவரப்படி தரப்பட்டவை.

ஐயா, எங்கள் குடும்பத்துக்கு இங்கே பத்து லட்ச ரூபாய் மருத்துவக் காப்பீடு இருக்கிறது. விசாவுக்காக மகனுக்குத் தனியாகப் பயணக் காப்பீடும் எடுத்தோம். அப்படியிருந்தும் பல்கலைக்கழகம் காப்பீடு கேட்கிறதே, எதற்காக மூன்றாவது முறை பணம் கட்ட வேண்டும்? – வாசகர், திருநெல்வேலி

நீங்கள் சொல்லும் மூன்றும் மூன்று வேறு பொருள்கள். குடும்பக் காப்பீடு இந்திய மருத்துவமனைகளுக்கானது. பயணக் காப்பீடு, உங்கள் மகன் விமானம் ஏறும் நாளிலிருந்து பல்கலைக்கழகத்தில் பதிவு முடியும் நாள்வரை இருக்கும் இடைவெளியை மூடுவதற்கானது. மூன்றாவதுதான் ஜெர்மானியச் சட்டம் கேட்பது. ஜெர்மனியின் முதல் சான்சலர் (பிரதமர் போன்ற பதவி) பிஸ்மார்க் காலத்தில், 1883இல், தொழிலாளர்களுக்காகக் கொண்டுவரப்பட்ட நோய்க் காப்பீட்டுச் சட்டத்தின் தொடர்ச்சியாக, 1975இல் மாணவர்களும் கட்டாயக் காப்பீட்டுக்குள் கொண்டுவரப்பட்டார்கள். ஜெர்மானியப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்குப் பதிவுசெய்துகொள்ளும், முப்பது வயதுக்கு உட்பட்ட எவரும், எந்த நாட்டவரானாலும், பொதுவாக இந்தச் சட்டத்துக்கு உட்பட்டவர்.

இந்தியாவுக்கும் ஜெர்மனிக்கும் இடையே சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் ஒன்று உண்டு. ஆனால் அது ஓய்வூதியம் சார்ந்தது, மருத்துவக் காப்பீட்டுக்குப் பொருந்தாது. ஆகவே இந்திய பாலிசியைக் காட்டிப் பதிவுசெய்ய இயலாது. உங்கள் மகன் ‘கிராங்கன்காஸ்ஸ’ எனப்படும் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களில் ஒன்றில் சேர்ந்துவிட்டால், அந்த நிறுவனமே அவருடைய காப்பீட்டு நிலையைப் பல்கலைக்கழகத்துக்கு மின்வழியில் தெரிவித்துவிடும். 2022 முதல் நடைமுறை இதுதான். பயணக் காப்பீட்டை மட்டும் பருவம் தொடங்கும் தேதியோடு நிறுத்தாமல், பதிவு தாமதமானாலும் தாங்கும்படி சில வாரங்கள் கூடுதலாக எடுத்துவையுங்கள்.

பொதுக் காப்பீட்டுக்கு மாதம் 140 யூரோவுக்கு மேல் ஆகிறது. என் நண்பர்கள் சிலர் தனியார் பாலிசியை 40 யூரோவுக்கும் குறைவாக எடுத்திருக்கிறார்கள். நானும் அப்படிச் செய்யலாமா? – மாணவர், வேலூர்

முப்பது வயதுக்கு உட்பட்ட மாணவர் எவருக்கும் என் பதில் ஒன்றே: வேண்டாம்.

முதலில் அந்தத் தொகை எப்படி வருகிறது என்று பாருங்கள். அரசு மாணவர் உதவித்தொகைக்கென நிர்ணயித்திருக்கும் 855 யூரோவில் 10.22 விழுக்காடு, அதாவது 87 யூரோவும் சில சென்ட்டும், அடிப்படைச் சந்தா. அதன்மேல் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென விதிக்கும் கூடுதல் விழுக்காடு உண்டு. முதுமையிலும் உடல் இயலாமையிலும் பராமரிப்புத் தருவதற்கான காப்பீடும் இதனுடன் சேரும். 23 வயதைக் கடந்த, குழந்தை இல்லாதவர்களுக்கு இது சற்று அதிகம். ஆகமொத்தம் 140 முதல் 150 யூரோவுக்குள் வரும். விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு முடக்கிவைக்கும் பிளாக்டு அக்கவுண்டிலிருந்து மாதந்தோறும் உங்கள் கைக்கு வருவது 992 யூரோ என்றால், இது சிறிய தொகை அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

தனியாருக்குப் போக வேண்டுமானால், கட்டாயக் காப்பீட்டிலிருந்து விலக்குக் கோரும் ‘பெஃப்ரையுங்’ விண்ணப்பத்தைக் காப்பீட்டுக் கடமை தொடங்கியதிலிருந்து மூன்று மாதங்களுக்குள் தர வேண்டும். ஓரிரு நிமிடங்களில் நிரப்பிவிடக்கூடிய எளிய விண்ணப்பம்தான். ஆனால் அதில் கையெழுத்திட்டபின், அந்தப் படிப்புக்காலம் முழுவதும் பொதுக் காப்பீட்டுக்குத் திரும்ப முடியாது. மனம் மாறினாலும், நோய் வந்தாலும், பாலிசி கைவிட்டாலும் முடியாது. ஊரையே இன்னும் சரியாகப் பார்த்திராத முதல் சில வாரங்களில், மாதம் நூறு யூரோ மிச்சமாகும் என்ற ஒரே கணக்கில் நம் பிள்ளைகள் இதில் கையெழுத்திடுவதைக் காணும்போது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.

எனக்குத் தெரிந்த இரண்டு மாணவர்களைச் சொல்கிறேன். ஒருவர் பொதுக் காப்பீட்டில் இருந்தார். குடல்வால் அழற்சிக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு நான்கு நாள்கள் மருத்துவமனையில் இருந்துவிட்டு வந்தபின், அவருக்கு வந்த பில்லைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். ஒரே பக்கம், அதில் ஒரே வரி, நாளொன்றுக்கு 10 யூரோ வீதம் 40 யூரோ. மற்றவர் தனியார் பாலிசிக்காரர். சிறுநீரகக் கல் வலியில் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போனார். சிகிச்சை நன்றாகவே நடந்தது. ஆனால் பில் அவர் பெயருக்கே வந்தது. முதலில் அவர் கட்டிவிட்டுப் பின்னர் நிறுவனத்திடம் கேட்டுப் பெற வேண்டும். நிறுவனமோ, இந்தக் கல் ஜெர்மனிக்கு வருவதற்கு முன்பே இருந்ததா என்று தெரிந்துகொள்ள, சேலத்தில் மூன்று ஆண்டுகளுக்கு முன் எடுத்த ஸ்கேன் அறிக்கையைக் கேட்டது. அவருடைய அப்பா அந்தப் பழைய ஸ்கேன் சென்டருக்கு இரண்டு முறை அலைந்தார். கடைசியில், முன்பே இருந்த நோய் என்று சொல்லிப் பணம் மறுக்கப்பட்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஜெர்மனியில் மருத்துவர்கள் தனியார் நோயாளிகளுக்குக் கட்டண அட்டவணையில் உள்ள தொகையைப் போல 2.3 மடங்குவரை வழக்கமாகக் கேட்பார்கள். மலிவான பாலிசிகளில் சில அதைவிடக் குறைந்த மடங்குக்கே பணம் தரும். மீதி உங்கள் பொறுப்பு. படிப்பு முடிந்து வேலை தேடும் மாதங்களிலும், முன்பு பொதுக் காப்பீட்டில் இருந்திராதவரை அங்கே சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். காப்பீட்டுக் கடமை உள்ள வேலை கிடைத்த பிறகுதான் அந்தக் கதவு திறக்கும்.

கன்சல்டன்சிகள் பிளாக்டு அக்கவுண்டுடன் சேர்த்துக் காப்பீட்டையும் பேக்கேஜாகத் தருகின்றன. பயணக் காப்பீடும் பொதுக் காப்பீடும் சேர்ந்த பேக்கேஜ் என்றால் எடுத்துக்கொள்ளலாம். உள்ளே இருப்பது பொதுக் காப்பீடுதானா என்பதை மட்டும் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

என் மகனுக்குப் பதினொரு வயதிலிருந்து முதல் வகை சர்க்கரை நோய். தினமும் இன்சுலின் போட்டுக்கொள்கிறான். அவனைக் காப்பீட்டில் சேர்த்துக்கொள்வார்களா? நினைத்தாலே தூக்கம் வருவதில்லை. – தாயார், தஞ்சாவூர்

சேர்த்துக்கொள்வார்கள், அம்மா. உங்கள் மகனுக்கு 30 வயது ஆகவில்லையென்றால், சேர்க்க மறுக்கும் உரிமையே பொதுக் காப்பீட்டு நிறுவனத்துக்குக் கிடையாது. உடல்நிலை பற்றிய கேள்வித்தாள் இல்லை, பழைய நோய்க்கு விலக்கு இல்லை, காத்திருப்புக் காலமும் இல்லை. மற்ற மாணவர்கள் கட்டும் அதே சந்தாதான் அவருக்கும்.

அங்கே சென்றபின் அவருக்குப் புகைப்படம் பதித்த ஒரு காப்பீட்டு அட்டை வரும். வீட்டுக்கு அருகில் ஒரு பொது மருத்துவரைப் பிடித்துக்கொண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவேற்பு மேசையில் அந்த அட்டையைக் கருவியில் செருகினால் போதும். பணம் கேட்க மாட்டார்கள். மருந்துச் சீட்டும் இப்போது மின்வடிவில்தான் வருகிறது. மருந்துக்கடையில் அதே அட்டையை நீட்டினால் இன்சுலினை எடுத்துத் தருவார்கள். அதற்கு அவர் செலுத்துவது மருந்தொன்றுக்கு 5 முதல் 10 யூரோவரை. நீண்டகால நோய் உள்ளவர்களுக்கு, இப்படிக் கைக்காசாகக் கட்டுவது ஆண்டு வருமானத்தில் ஒரு விழுக்காட்டைத் தாண்டினால், மீதிக்கு விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம்.

நீங்கள் கவனிக்க வேண்டியது முதல் சில வாரங்களை மட்டும்தான். பயணக் காப்பீடு பழைய நோய்க்குப் பொதுவாகப் பணம் தராது. ஆகவே மூன்று மாதங்களுக்குப் போதுமான இன்சுலினையும் ஊசிகளையும் கொடுத்தனுப்புங்கள். இன்சுலினைச் சரக்குப் பெட்டியில் வைக்க வேண்டாம், அங்கே உறைந்துவிடக்கூடும். கைப்பையில் வைத்து, உங்கள் மருத்துவரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கிக் கூடவே வையுங்கள். அவசரத்துக்கு 112, இரவிலும் விடுமுறையிலும் அவசரமற்ற மருத்துவ உதவிக்கு 116117 என்ற இரண்டு எண்களையும் அவர் கைப்பேசியில் இப்போதே பதிந்துவிடுங்கள்.

நான் கல்லூரி உதவிப் பேராசிரியை, வயது 32. அங்கே முதுநிலைப் படிப்பா, முனைவர் ஆய்வா என்று இன்னும் முடிவுசெய்யவில்லை. எனக்கும் இதே விதிகள்தானா? – வாசகி, கோயம்புத்தூர்

இல்லை. மாணவர் சந்தா, முப்பது வயது நிறைவடையும் பருவத்தின் இறுதியோடு பொதுவாக முடிந்துவிடுகிறது. முதுநிலை மாணவியாகச் சென்றால் நீங்கள் தனியார் காப்பீட்டைத்தான் எடுக்க வேண்டியிருக்கும். அதில் வயதும் உடல்நிலையும் விலையைத் தீர்மானிக்கும். முனைவர் ஆய்வுக்குப் பணி ஒப்பந்தத்துடன் சென்றால் நிலைமை தலைகீழாகிவிடும்: நீங்கள் ஊழியர் என்பதால் வயது தடையில்லாமல் பொதுக் காப்பீட்டில் சேர்வீர்கள், சந்தாவில் ஏறத்தாழப் பாதியை வேலை தருபவரே கட்டுவார். உதவித்தொகை மட்டும் பெற்று ஆய்வு செய்பவருக்கு இந்தச் சலுகை கிடையாது. இரண்டு வாய்ப்புகளும் கைவசம் இருந்தால், இதையும் கணக்கில் வைத்து முடிவெடுங்கள்.

உங்கள் கணவர் ஏற்கெனவே அங்கே பொதுக் காப்பீட்டில் இருப்பவரானால், உங்களுக்குத் தனி வருமானம் பெரிதாக இல்லாதவரை, கூடுதல் சந்தா ஏதுமின்றி அவருடைய குடும்பக் காப்பீட்டில் நீங்கள் இணையலாம். மனைவி குழந்தையோடு செல்லும் இளம் மாணவர்களுக்கும் இதே வசதி உண்டு.

பிளஸ் டூ முடித்த மகள் ஸ்டூடியன்கொலெக் என்ற ஆயத்தப் படிப்பில் சேர்கிறாள். அவளுக்கும் பொதுக் காப்பீடா? – வாசகர், நாமக்கல்

ஆயத்தப் படிப்புக் காலத்தில் மாணவர் கட்டாயக் காப்பீடு பொருந்தாது. மொழிப் படிப்புக்கும் அப்படியே. அதுவரை தனியார் பாலிசிதான். பட்டப்படிப்பில் பதிவு செய்யும் நாளில் அவர் பொதுக் காப்பீட்டுக்கு மாறிக்கொள்ளலாம். பழைய பாலிசியே தொடரட்டும் என்று அப்போது யாராவது விலக்கு விண்ணப்பத்தை நீட்டினால், மேலே வேலூர் மாணவருக்குச் சொன்னதை மகளிடம் காட்டுங்கள்.

படிப்பு முடிந்து வேலை தேடுகிறேன். சந்தா திடீரென்று 250 யூரோ அளவுக்கு ஏறிவிட்டது. சில மாதங்கள் கட்டாமல் விட்டு, ஊருக்கே திரும்பிவிடலாமா என்று யோசிக்கிறேன். – மாணவி, டிரெஸ்டனிலிருந்து

மாணவர் சந்தா படிப்போடு முடிந்துவிட்டதால், நீங்கள் இப்போது விருப்ப உறுப்பினர் என்ற வகைக்கு மாறியிருக்கிறீர்கள். தொகை ஏறியதற்குக் காரணம் அதுதான். தவறு ஏதும் நடக்கவில்லை. காப்பீட்டுக் கடமை உள்ள வேலை கிடைத்ததும் பாதிச் சுமையை முதலாளி ஏற்றுக்கொள்வார்.

கட்டாமல் விடுவதை மட்டும் செய்யாதீர்கள். இரண்டு மாத நிலுவை சேர்ந்தால், கடும் வலி, திடீர் நோய் போன்றவற்றுக்கான சிகிச்சையைத் தவிர மற்றவை நிறுத்திவைக்கப்படும். கடிதங்களுக்குப் பதில் தராமல் இருந்தால், உங்கள் வருமானம் தெரியாத நிலையில் மிக உயர்ந்த சந்தாவையே கணக்கிட்டு அனுப்புவார்கள். வருமானம் இல்லை என்ற விவரத்தை அவர்கள் தரும் படிவத்தில் உடனே எழுதிக் கொடுங்கள். கட்ட இயலவில்லையென்றால் தவணை கேளுங்கள், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

ஊர் திரும்புவதென்று முடிவானால், வீட்டைக் காலிசெய்வதற்கு முந்தைய ஒரு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியை நீக்கி, ‘அப்மெல்டுங்’ சான்றைப் பெற்றுக்கொள்ளுங்கள். அதன் நகலையும் புறப்படும் தேதியையும் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பி, உறுப்பினர் நிலை முடிந்ததாக எழுத்தில் உறுதி வாங்குங்கள். ஜெர்மானிய வங்கிக் கணக்கை, கடைசிச் சந்தா கழிந்த பிறகு மூடுங்கள்.