கடலுக்கடியில் கிடக்கும் பழைய கப்பல்களைக் காக்க ஊர் மீனவர்களை எப்படிச் சேர்ப்பது?

விழிப்புணர்வு முகாம் போடலாமா, பள்ளியில் ஓவியப் போட்டி வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். செய்யுங்கள், தப்பில்லை. ஆனால் முதல் செலவாகக் கிழிந்த வலைக்குப் பணம் ஒதுக்குங்கள்.

மண்ணுக்குள் கிடக்கும் கப்பலை முதலில் தொடுவது வலைதான். சிக்கிக்கொண்டால் அறுத்துவிட்டு வரவேண்டும், நட்டம் படகுக்காரருக்கு. வெளியே சொன்னால் அங்கே தொழில் செய்யத் தடை வருமோ, வீட்டுக்குப் போலீஸ் வருமோ என்ற பயம் வேறு. இது தீராமல் யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

இலங்கையில் அம்பாந்தோட்டைப் பக்கம் கொடவாயவில் சுமார் 33 மீட்டர், அதாவது 18 பாகம் ஆழத்தில், ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழைய கப்பல் கிடக்கிறது. இந்தியப் பெருங்கடலில் இதுவரை தெரிந்தவற்றில் அதுதான் மிகப் பழையது. கண்ணாடிக் கட்டிகளும் கால்வைத்த அரைகற்களும் அதில் இருந்தன. அதைக் கண்டுபிடித்தவர்கள் உள்ளூர் மீனவர்கள். ஆய்வாளர்கள் பிறகுதான் வந்தார்கள்.

வலை சிக்கினால் ஜிபிஎஸ் எண்ணை உடனே குறிக்கச் சொல்லுங்கள். ஆனால் அது படகு நிற்கும் இடம், வலை சிக்கிய இடம் அல்ல. கடலடியோடு இழுத்துப்போகும் இழுவைமடி வலை என்றால் விட்ட கயிறு ஆழத்தைப்போல் மூன்று முதல் ஐந்து மடங்கு இருக்கும், 20 மீட்டர் ஆழத்திலேயே 60, 100 மீட்டர் தள்ளிப்போகும். எனவே விட்ட கயிற்றின் நீளம், படகு போன திசை, பாகக் கணக்கில் ஆழம், கரையில் நேர்கோட்டில் தெரிந்த இரண்டு அடையாளங்கள் எல்லாம் வேண்டும். அந்த இடத்தில் மிதவை போடவேண்டாம். திருட வருபவனுக்கு அதுவே வழிகாட்டி. இழுவைமடி அங்கே போகக்கூடாது என்பதை ஊர்ப் பஞ்சாயத்தார் முடிவு செய்தால் நிற்கும், அறிவிப்புப் பலகை நிற்காது.

வலையில் பொருள் ஏறிவிட்டால் கடல்நீர் நிரப்பிய வாளியில் போட்டு மூடி நிழலில் வைக்கவேண்டும். இரும்புக்குத் தனி வாளி. தேய்க்கவோ காயவைக்கவோ கூடாது. காய்ந்தால் மண்பானையில் ஊறியிருக்கும் உப்பு படிகமாகிப் பானையையே உதிர்க்கும், மரம் சுருங்கி வெடிக்கும், வார்ப்பிரும்புப் பீரங்கிக் குண்டு செதில் செதிலாகப் பிளக்கும். உப்பை இறக்குவது மாதக்கணக்கான வேலை, அது ஆய்வகத்துக்கு உரியது. கீழே கிடப்பதைக் கிடக்க விடுவதே முதல் தெரிவு என்று நீருக்கடியில் உள்ள பண்பாட்டு மரபைக் காக்க வந்த 2001ஆம் ஆண்டு யுனெஸ்கோ உடன்படிக்கை சொல்வதும் இதனால்தான்.

ஈயத்தில் ஆபத்து வேறு மாதிரி. பூம்புகார் கடலில் மூழ்கிய ஒரு கப்பலில் கண்ட ஈயக் கட்டிகளில் 'டபிள்யூ பிளாக்கெட்' என்ற பெயரும் 1791, 1792 என்ற ஆண்டுகளும் பொறித்திருந்தன. அந்தக் கப்பலின் காலம் அந்த எழுத்திலிருந்துதான் தெரிகிறது. ஈயம் எடைக்குப் போகும், வலைக்குக் குண்டு வார்க்கவும் உதவும். உருக்கிவிட்டால் ஆண்டும் உருகிப்போகும். ஆகவே எடுத்தவருக்கு எடைக்கடை விலைக்குக் குறையாத ஊக்கத்தொகையை அன்றே கொடுக்கும் ஏற்பாடு வேண்டும்.

"சங்கு குளிக்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களையே இறக்கலாமே" என்பவர்களுக்கு: 30 மீட்டரில் கம்ப்ரசர் குழாயைக் கடித்துக்கொண்டு நெடுநேரம் இருந்துவிட்டுச் சட்டென்று ஏறினால் கை கால் விழுந்துவிடும். பயிற்சியும் காப்பீடும் தராமல் இறக்காதீர்கள்.

மீனவர்களே திருடுகிறார்கள் என்று இங்கே யாராவது எழுதக்கூடும். சிலர் விற்பது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் ஒப்படைத்தவருக்கு என்ன கிடைக்கிறது? எடை, படம், தேதி போட்ட ஒரு ரசீதுகூடப் பல இடங்களில் தருவதில்லை. அறிக்கையில் "தற்செயலாகக் கிடைத்தது" என்று எழுதிவிடுகிறார்கள். 18 பாக ஆழத்தில் அடிமண் எப்படியிருக்கும் என்று கைக்கயிற்றின் அதிர்விலேயே சொல்பவரின் அறிவுக்குப் பெயர் தற்செயலா? அவர் சம்மதித்தால் பெயரையும் ஊரையும் போடுங்கள். அறிக்கையைத் தமிழில் ஒரு படி எடுத்து ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் கொடுங்கள்.