மாமன் சுடுவதும் மருமகன் சுடுவதும்

வணக்கம் ஐயா,

இரவில் காட்டுப்பன்றிக்குத் துப்பாக்கியோடு காவல் இருந்த தோட்டத்துக் காவல்காரர் ஒருவரைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். “நின்ற இடத்தில் நின்று காகிதத்தைச் சுடுகிறவர்களுக்கு அந்தக் கிழவரின் அருமை புரியாது” என்று அதில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அந்த வரியால் என் வீட்டில் சண்டை.

என் மகன் படிவம் ஐந்து படிக்கிறான். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுகிறான். துப்பாக்கி க்ளப்புடையது, வீட்டுக்கு வராது. அதனால் ஒரு கிலோ சீனிப் பொட்டலத்தைப் பையில் போட்டு, கையை நீட்டிப் பிடித்தபடி அடுப்படிச் சுவரைப் பார்த்து நிற்கிறான். தினமும் அரை மணி நேரம். என் தம்பி ஈப்போவில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். அவன் ஐபிஎஸ்சி ஆள், ஓடி ஓடிச் சுடுகிறவன். “டேய், திருடன் வந்தா உனக்காக ஒண்ணேகால் மணி நேரம் அசையாம நிப்பானா?” என்று கேட்பான். மகனும் சும்மா இருப்பதில்லை. “மாமா சுடறது துப்பாக்கி இல்ல, சரவெடி” என்பான். தீபாவளியன்று தம்பி உங்கள் வரியைச் சத்தமாக வாசித்துக் காட்டினான். மகன் சாப்பாட்டில் கை கழுவிவிட்டு எழுந்து போனவன், இன்றுவரை மாமாவிடம் பேசவில்லை.

எது நிஜமான சுடுதல் ஐயா? மகனை மாமா பக்கம் மாற்றிவிடலாமா? என் பெயரைப் போட வேண்டாம். சுங்கை சிப்புட்டில் எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம்.

*

வணக்கம் சகோதரி,

அந்த வரி என்னுடையதுதான். எழுதும்போது ருசியாக இருந்தது, அதனால் விட்டுவிட்டேன். இப்போது திரும்ப எடுத்துக்கொள்கிறேன், மகனிடம் சொல்லுங்கள். அவனைக் கேலி செய்யும் தகுதி எனக்கு அறவே கிடையாது. இளவயதில் நானும் ஒற்றைக் கையை நீட்டிக் காகிதத்தைச் சுட்டவன்தான், அதுவும் சுமாராக.

முதலில் மகன் செய்வது என்னவென்று தம்பிக்குச் சொல்ல வேண்டும். ஏர் பிஸ்டல் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். நம் மலேசிய ஐந்து காசு நாணயத்தை அதன்மேல் வைத்தால் வட்டம் மறைந்துபோகும். 10 மீட்டர் தள்ளி நின்று, ஒரு கையால், 75 நிமிடத்தில் 60 முறை அதைத் தொட வேண்டும். கை ஆடத்தான் செய்யும், ஆடாத கை யாருக்கும் கிடையாது. அந்த ஆட்டம் குறைந்து அடங்கும் சில விநாடிக்குள் விசையை அழுத்தி முடிக்க வேண்டும். அந்த விநாடி தப்பிவிட்டால் நல்ல ஆள் சுடமாட்டான். கையை இறக்கி, மூச்சு விட்டு, மறுபடி தூக்குவான். பயிற்சியில் எனக்குக் கடைசிவரை வராத பாடம் அதுதான். தூக்கிவிட்டோமே, சுட்டுவிடுவோம் என்று விரல் கெஞ்சும். என் எட்டுகளும் ஏழுகளும் அப்படி வந்தவை.

தம்பி ஒரு படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார் என்று பந்தயம் கட்டுகிறேன். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கியின் யூசுஃப் டிக்கெச், சாதாரண மூக்குக்கண்ணாடியோடு, ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டபடி நிற்கும் படம். “அலட்டல் இல்லாத அசல் ஆள்” என்று உலகமே அதைச் சுற்றவிட்டது. அந்த மனிதர் வெள்ளி வாங்கியது எதில் தெரியுமா? 10 மீட்டர் ஏர் பிஸ்டல் கலப்பு அணியில். மருமகனின் விளையாட்டேதான்! பாக்கெட்டில் கை விடுவதும் ஸ்டைல் இல்லை. சும்மா இருக்கும் கை தொங்கி ஆடினால் உடம்பும் சேர்ந்து ஆடும், அதனால் ஒற்றைக் கையால் சுடும் எல்லாரும் அதைப் பாக்கெட்டிலோ பெல்ட்டிலோ அடக்கி வைப்பார்கள்.

இனி மகனுக்கு. மாமா சரவெடி வெடிக்கவில்லை. ஐபிஎஸ்சி 1976இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் தொடங்கியது. துல்லியம், வலு, வேகம் மூன்றும் ஒன்றாக வேண்டும் என்பது அதன் கொள்கை. வாங்கிய புள்ளியை எடுத்துக்கொண்ட விநாடியால் வகுப்பார்கள். ஆறு இலக்கு, ஒவ்வொன்றிலும் இரண்டு குண்டு என்று வைத்துக்கொள்வோம். வலு குறைந்த தோட்டாவுக்கான ‘மைனர்’ கணக்கில் நடுப்பகுதிக்கு 5, அடுத்ததற்கு 3, ஓரத்துக்கு 1. பன்னிரண்டையும் நடுவில் போட்டு 8 விநாடி எடுத்தால் 60ஐ 8ஆல் வகுக்க 7.5. இன்னொருவர் எட்டை நடுவிலும் நான்கை அடுத்த பகுதியிலும் போட்டு 6.5 விநாடியில் முடித்தால் 52ஐ 6.5ஆல் வகுக்க 8. ஜெயித்தது அவர்தான். ஆனால் அவருடைய அந்த நடுக் குண்டுகளில் ஒன்று காகிதத்தையே தொடவில்லை என்றால் 5 புள்ளி போய், மேலே 10 கழியும். 37ஐ 6.5ஆல் வகுத்தால் 5.7கூடத் தேறாது. கண்மூடி வெடிக்கிறவனுக்கு இந்தக் கணக்கில் இடமில்லை. எவ்வளவு துல்லியம் இங்கே போதும் என்று மாமா ஓடிக்கொண்டே முடிவு செய்கிறார். பத்துக்கு மட்டுமே பழகியவனால் அந்த முடிவை எடுக்க முடிவதில்லை.

நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது. நாற்பது வயதுக்கு மேல், நண்பர் ஒருவர் இழுத்துப்போய் அந்த மாதிரிப் போட்டியில் நிறுத்தினார். “ஸ்டாண்ட்பை” என்றார்கள், டைமர் கீச்சென்றது. முதல் சுற்றில் எல்லாம் நடுவில் விழுந்தன. திரும்பிப் பார்த்தேன், யாரும் கைதட்டவில்லை. எனக்கு 31 விநாடி. எனக்கு முன்னால் சுட்ட கல்லூரிப் பெண்ணுக்கு 9. இரண்டாவது சுற்றில் ரோஷம் வந்து, இடப்பக்கம் ஓடிக்கொண்டே மேகசின் மாற்றினேன். வலது கைக்காரன் அப்படிச் செய்யும்போது குழல் தானாக இடப்பக்கம் திரும்பும். இலக்குக்குப் பின்னால் குண்டைத் தாங்கும் மண்மேட்டை நேரே பார்க்க வேண்டிய குழல் 90 பாகையைத் தாண்டிவிட்டால் மன்னிப்பே கிடையாது. “ஸ்டாப்!” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். என் வயதில் பாதிகூட இராத ரேஞ்ச் ஆபீசர். துப்பாக்கியைக் காலி செய்ய வைத்துவிட்டு, தோளைத் தொட்டு, “சாரி அங்கிள், இன்னிக்கு இவ்வளவுதான்” என்றான். மிச்ச நேரமெல்லாம் இலக்குகளில் பொத்தல் அடைக்கும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

அங்கேதான் ஒன்று கண்ணில் பட்டது. அந்த ஆட்கள் அத்தனை வேகத்திலும் குழல் எங்கே பார்க்கிறது என்பதை ஒரு கணமும் மறக்கவில்லை. ஸ்டிக்கரைக் கையில் வைத்துக்கொண்டு அதை வேடிக்கை பார்த்தபோதுதான் எனக்கு அவர்கள்மேல் மரியாதை வந்தது.

‘மெதுவான’ கூட்டம் கடிகாரத்துக்குத் தப்பியதா என்றால், இல்லை. அதே பாரிஸில் ஏர் பிஸ்டலில் வெள்ளி வாங்கிய தென்கொரியாவின் கிம் யேஜி, சில நாள் கழித்து 25 மீட்டர் பிஸ்டலில் ஒரு குண்டை 3 விநாடிக்குள் சுடத் தவறினார். அதற்குப் பூஜ்யம், போட்டியை விட்டே வெளியே. ஆண்களின் ரேபிட் ஃபயரில் ஐந்து இலக்குக்கு ஐந்து குண்டு, கடைசிச் சுற்றில் மொத்தமே 4 விநாடி. அதையும் ஒற்றைக் கையால்தான் சுட வேண்டும். மாமா ஒருநாள் முயன்று பார்க்கட்டும்.

காவல்காரக் கிழவருக்கு வருகிறேன். உங்களுக்குத் தெரியாததல்ல, 1948 ஜூன் 16இல் உங்கள் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை ஒடுக்க பிரிட்டிஷ் அரசின் அவசரகாலம் வந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் என்ற துணைப் போலீஸ் ஆனார்கள். கிழவர் துப்பாக்கி பிடிக்கக் கற்றது அப்போதுதான். நான் பார்த்த காலத்தில், ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டிருந்தார்கள். இளங்கன்றின் குருத்தைத் தின்ன இரவில் காட்டுப்பன்றி வரும். என் அப்பா அங்கே கிராணி, தோட்டத்துக் கணக்கர். மாலையில் கிழவரிடம் ஐந்து தோட்டா எண்ணிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவார், ஆள் எண்ணும் காலைப் பெரட்டில் கணக்குப் பார்ப்பார். பல நாள் ஐந்தும் அப்படியே திரும்பி வரும். “லாலான் புல்லு அசைஞ்சுது, ஐயா. பன்னி தெரியல” என்பார் கிழவர். துரைக்கு எரிச்சல். அப்பாவோ அந்தத் தோட்டாக்களை ஒவ்வொன்றாகத் துடைத்து டின்னில் அடுக்குவார். ஏனென்றால் விடியும் முன்னே அந்தப் புதர் வழியாகத்தான் லயத்துப் பெண்கள் வேலைக்குப் போவார்கள். தண்ணீர் மொள்ளும் சத்தத்தை யானை என்று நினைத்துத் தசரதன் அம்பு விட்ட கதை நம் எல்லாருக்கும் தெரியும்.

அவர் சுட்ட விதமும் வேறு. உங்கள் மகனுக்குக் கண் குழல் நுனியிலுள்ள முன்குறியில் நிற்க வேண்டும், இலக்கு மங்கலாகத் தெரிந்தால் போதும். ஓடும் பன்றியை ஷாட்கன்னால் சுடுகிறவர் குறியைப் பார்த்தால் குழல் நின்றுவிடும், பன்றி போய்விடும். இரண்டு கண்ணையும் திறந்து பன்றியை மட்டும் பார்த்து, அதன் ஓட்டத்தோடு குழலை வீச வேண்டும். 110 மில்லிமீட்டர் களிமண் தட்டைப் பறக்கவிட்டுச் சுடும் டிராப் ஆட்டக்காரர்களுக்கும் இதே வித்தைதான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஏர் ரைஃபிளிலும், புதுக்கோட்டைப் பிரித்விராஜ் தொண்டைமான் டிராப்பிலும் இந்தியாவுக்காகப் பாரிஸ் போனார்கள். இருவரையும் இடம் மாற்றி நிறுத்தினால் இருவருமே திணறுவார்கள்.

ஆனால் இறக்கி வைக்கத் தெரிந்த கை உங்கள் மகனுக்கும் கிழவருக்கும் பொது. குழல் மேல் உள்ள பயம் உங்கள் தம்பிக்கும் கிழவருக்கும் பொது. ஊரை விட்டு வந்து இத்தனை வருடம் கழித்து எனக்கு இது தெரிகிறது என்பது வேறு விஷயம்.

மகனை மாற்ற வேண்டாம். அவனுக்கு வயதிருக்கிறது. இந்த விரல் அழுத்தம் படிந்துவிட்டால் பிறகு மாமாவிடம் போனாலும் வீண் போகாது. இதைத் தம்பியே ஒப்புக்கொள்வார், நேரில் கேட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கண்டிப்பாக. விளையாட்டுத்தனமாகக்கூட ஏர் பிஸ்டலோ பொம்மைத் துப்பாக்கியோ வாங்கி வீட்டில் பழகும் யோசனை இருவருக்கும் வரக் கூடாது. மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் ஏர் பிஸ்டலும் துப்பாக்கிதான், அசல்போல் இருக்கும் போலிக்கும் அனுமதி வேண்டும். சீனிப் பொட்டலத்துக்கு லைசன்ஸ் தேவையில்லை.

அடுத்த முறை தம்பி வரும்போது மட்டன் கறியைப் பிறகு வையுங்கள். முதலில் அந்தப் பையை அவர் கையில் கொடுத்து, நீட்டிப் பிடிக்கச் சொல்லி, சுவர்க் கடிகாரத்தில் ஒரு நிமிடம் பாருங்கள். எத்தனையாவது விநாடியில் கை நடுங்கியது என்று மகனை எனக்கு எழுதச் சொல்லுங்கள். என் கை 40இல் நடுங்கியது, நேற்றிரவுதான் பார்த்தேன்.