ஏரியில் ஓடிய பாய்க்கப்பல்கள் – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். மரக்கலங்கள் பற்றிய உங்கள் கட்டுரையில், வட அமெரிக்காவின் பேரேரிகளில் ஒரு காலத்தில் பாய்க்கப்பல்கள் கூட்டம் கூட்டமாக ஓடின என்று ஒரு வரி எழுதிவிட்டு அப்படியே கடந்து போய்விட்டீர்கள். நான் ஸ்காபரோவில் இருக்கிறேன். ஒன்ராறியோ ஏரி வீட்டிலிருந்து பத்து நிமிடத் தூரம். பூர்வீகம் வல்வெட்டித்துறை. எங்கள் ஊரில் கட்டிய அன்னபூரணியை எங்கள் ஊர் மாலுமிகளே 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் வரை ஓட்டிச் சென்ற கதையை அப்பப்பா சொல்லக் கேட்டு வளர்ந்தவன். கடல் உள்ள ஊரில் கப்பல் கட்டுவார்கள், அது விளங்குகிறது. ஏரிக்குள் எதற்குக் கப்பல்? நீராவி வந்தது, பாய்க்கப்பல் போனது, அவ்வளவுதானே? இன்னொன்று. இங்கே ரொறன்ரோ துறைமுகத்தில் கோடையில் பாய்க்கப்பலில் பயணிகளை ஏற்றிச் சுற்றிக் காட்டுகிறார்கள். அப்படியென்றால் அந்தக் கலை அழியவில்லை என்றும் சொல்லலாம் அல்லவா?

ந.,
ஸ்காபரோ

*

அன்புள்ள ந.,

ஒரு வரியில் கடந்து போயிருக்கக் கூடாத விஷயம்தான். உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே நடந்த கதை என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அளவு. சுப்பீரியர் ஏரி மட்டுமே சுமார் 82,000 சதுர கிலோமீட்டர். பரப்பளவில் இலங்கைத் தீவைக் கழித்துவிட்டாலும் தண்ணீர் மிச்சமிருக்கும். இப்படி ஐந்து ஏரிகள், ஒன்றோடொன்று ஆறுகளால் இணைந்து, கண்டத்தின் நடுவயிறு வரைக்கும் போகின்றன. சாலையும் ரயிலும் வருவதற்கு முன் அந்த நிலத்துக்குள் எதையாவது கொண்டுபோக வேண்டுமென்றால் தண்ணீர்தான் வழி.

ஆனால் கடலிலிருந்து கப்பலைக் கொண்டுவர முடியாது. நடுவில் நயாகரா நிற்கிறது. அருவிக்கு மேலே உள்ள நான்கு ஏரிகளில் கப்பல் ஓட வேண்டுமென்றால் அங்கேயே மரம் வெட்டி அங்கேயே கட்ட வேண்டும். 1679இல் லா சால் என்ற பிரெஞ்சுக்காரர் அதைத்தான் செய்தார். அருவிக்கு மேலே ஆற்றங்கரையில் 'லெ கிரிஃபோன்' என்ற கப்பலைக் கட்டி, மிச்சிகன் ஏரியின் கிரீன் பே வரை போய்ச் சேர்ந்தார். அங்கே விலங்குத் தோல்களை ஏற்றித் திருப்பி அனுப்பிய கப்பல், வரும் வழியில் ஆட்களோடு காணாமல் போயிற்று. மேலேரிகளில் ஓடிய முதல் பாய்க்கப்பல் அது. அதன் முதல் பயணமே கடைசிப் பயணமாகவும் ஆனது.

உங்கள் ஒண்டாரியோ ஏரியிலும் ஒரு பெரிய கதை உண்டு. 1812இல் தொடங்கிய போரில் பிரிட்டிஷாரும் அமெரிக்கர்களும் அந்த ஏரியில் ஒருவரை ஒருவர் மிஞ்சப் போட்டி போட்டுக் கப்பல் கட்டினார்கள். 1814இல் கிங்ஸ்டனில் 'செயின்ட் லாரன்ஸ்' இறங்கியது. 112 பீரங்கிகள். பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் 'விக்டரி'யைவிடப் பெரிய போர்க்கப்பல், கடல் வாசனையே தெரியாமல் ஏரியில் மட்டும் வாழ்ந்தது. சுற்றிலும் நல்ல தண்ணீர் என்பதால் குடிதண்ணீர்ப் பீப்பாய்களுக்கு இடம் ஒதுக்கவேண்டிய அவசியம்கூட அதற்கு இருக்கவில்லை. ஒரு சண்டையும் போடாமலே போர் முடிந்தது. 1832இல் அதை 25 பவுனுக்கு விற்றார்கள்.

சரி, வணிகத்துக்கு வருவோம். ஈரி ஏரியை நியூயார்க் பக்கத்தோடு இணைக்கும் ஈரி கால்வாய் 1825இல் திறந்தது. விலங்குத் தோல் போய், கோதுமை வர ஆரம்பித்தது. 1829இல் நயாகராவைச் சுற்றிக்கொண்டு போகும் வெல்லண்ட் கால்வாய் வந்தது. அடுத்த நாற்பது வருடங்களில் ஏரிக்கரையில் ஆறு வந்து சேர்கிற இடமெல்லாம் கப்பல் கட்டும் இடமாயிற்று. கரையில் வெள்ளை ஓக் மரம் நிற்கிறது, வெட்டி அங்கேயே அறுத்து அங்கேயே கட்டினார்கள். நார்வே, ஜெர்மனி, அயர்லாந்திலிருந்து குடியேறிய தச்சர்களும் இந்த வேலைக்கு வந்து சேர்ந்தார்கள்.

அவர்கள் வேலை செய்த விதம் உங்களுக்குப் பிடிக்கும். பெரும்பாலும் வரைபடத்திலிருந்து தொடங்கமாட்டார்கள். மெல்லிய பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முளை அடித்து இறுக்கி, அந்தக் கட்டையைக் கப்பலின் ஒரு பக்கத்து உடம்பாக, பாதிக் கப்பலாக மட்டும், கையால் செதுக்குவார் தலைமைத் தச்சர். ஒரு பக்கம் சரியாக வந்தால் மறுபக்கமும் அதேதான். தடவித் தடவிப் பார்த்து, இங்கே கொஞ்சம் ஒட்டவேண்டும், அங்கே கொஞ்சம் உப்பவேண்டும் என்று இழைத்துக்கொண்டே இருப்பார். திருப்தியானதும் முளையை உருவிப் பலகைகளைத் தனித்தனியாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு பலகையின் விளிம்பும் அந்த மட்டத்தில் கப்பலின் வளைவு. அதை அளந்து, பெருக்கி, பெரிய தரையில் முழு அளவில் கோடு போட்டு, அதற்கு ஏற்றபடி மரம் அறுப்பார்கள். ஒரு கப்பல் எப்படி ஓடும் என்ற அறிவு முழுவதும் அந்த மனிதரின் உள்ளங்கையில் இருந்தது.

ஏரிக் கப்பலின் உருவத்தைத் தீர்மானித்தது காற்று மட்டுமல்ல. 1840களில் பெரிதாக்கிய வெல்லண்ட் கால்வாயின் மதகுப் பெட்டி, அதாவது லாக், 150 அடி நீளம், 26½ அடி அகலம். அதற்குள் நுழைய வேண்டும், அதே சமயம் ஒரு மூட்டை கோதுமைகூடக் குறையாமல் ஏற்ற வேண்டும். அதனால் பக்கங்கள் சுவர் போல் நேராக, முகப்பு மழுங்கலாக, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மரம் மேலே மடங்குகிற மாதிரி கட்டினார்கள். துறைகளில் ஆழம் குறைவு என்பதால் அடிப்பகுதி தட்டையாக இருக்கும். திறந்த ஏரியில் காற்றுக்கு நழுவாமல் இருக்க நடுவில் ஒரு பலகையைத் தண்ணீருக்குள் இறக்குவார்கள், கரை நெருங்கினால் ஏற்றிக்கொள்வார்கள். விஸ்கான்சின் மாநிலத்து மேனிடோவாக்கில் வில்லியம் பேட்ஸ் 1852இல் கட்டிய 'சேலஞ்ச்', இப்படித் தட்டை அடியும் இறக்குகிற பலகையும் கொண்ட கப்பல்களில் வேகத்துக்குப் பேர் போனது. இவற்றை ஓட்ட ஏழெட்டுப் பேர் போதும். கடல் கப்பலைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தக் கப்பல்கள் அழகில்லாதவையாகத் தெரியலாம். எனக்கு அப்படியில்லை. ஒரு இடத்தின் தண்ணீரையும் கரையையும் இவ்வளவு நுட்பமாகப் புரிந்துகொண்டு பிறந்த மரக்கலங்கள் அதிகமில்லை.

இப்போது உங்கள் கேள்வி. நீராவி வந்தது, பாய் போனது என்பது அப்படி நடக்கவில்லை. ஈரி ஏரியில் முதல் நீராவிக் கப்பல் 1818இலேயே வந்துவிட்டது. அதன்பிறகு ஐம்பது வருடம் பாய்க்கப்பல்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டேதான் போனது. 1870 வாக்கில் 1,500க்கும் மேற்பட்ட பாய்க்கப்பல்கள் ஏரிகளில் இருந்தன. நீராவிக் கப்பலில் நிறைய இடம் இயந்திரத்துக்கும் விறகுக்கும் போய்விடும். பயணிகளுக்கும் அவசரச் சரக்குக்கும் அது. கோதுமைக்கும் பலகைக்கும் என்ன அவசரம்? காற்றுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லையே.

பாய்க்கப்பல் தோற்றது தண்ணீரில் அல்ல, துறைமுகத்தில். 1842இல் பஃபலோ நகரில் ஜோசப் டார்ட் என்பவர் நீராவியால் இயங்கும் தானிய ஏற்றியைக் கட்டினார். அதற்கு முன் கூலித் தொழிலாளிகள் கோதுமையை முதுகில் சுமந்துதான் இறக்கினார்கள். அப்புறம் சுப்பீரியர் ஏரிக்கரையில் இரும்புத் தாது கிடைத்தது. மார்க்கெட் (Marquette) என்ற ஊரில் உயரமான துறைமேடை கட்டி, மேலிருந்து சரிவான குழாய்கள் வழியாகத் தாதுவைக் கப்பலுக்குள் கொட்டினார்கள். இங்கேதான் விஷயம் திரும்புகிறது. மேலிருந்து கொட்டும்போது பாய்மரமும் கயிறுகளும் குறுக்கே நிற்கின்றன.

1869இல் கிளீவ்லாந்தில் 'ஆர். ஜே. ஹாக்கெட்' என்ற நீராவிக் கப்பல் இறங்கியது. மாலுமி அறை முன்கோடியில், இயந்திரம் பின்கோடியில், நடுவில் முழுக்கக் காலி. சரக்குவாய்களை மார்க்கெட் துறைமேடையின் குழாய்களுக்கு நேராக வருகிறமாதிரி 24 அடிக்கு ஒன்றாக வைத்தார்கள். அதாவது கப்பலின் வடிவத்தைத் துறைமேடை தீர்மானித்தது. இன்றைக்கும் அந்த ஏரிகளில் ஓடும் பல சரக்குக் கப்பல்களில் இந்த அமைப்பின் சாயலைப் பார்க்கலாம். 1899இல் ஹியூலெட் என்ற, சரக்கு இறக்கும் ராட்சத இயந்திரம் வந்தபிறகு, ஆட்கள் மண்வெட்டியால் நாள்கணக்கில் இறக்கிய தாது சில மணி நேரத்தில் கரையேறியது. அதற்குள் பாய்க்கப்பல் தாதுத் தொழிலிலிருந்து ஒதுக்கப்பட்டிருந்தது.

நடுவில் நடந்ததுதான் எனக்கு மிகவும் மனம் கனக்கிற பகுதி. பாய்க்கப்பல்களை உடைக்கவில்லை. மேல்மரங்களை வெட்டி, பாய்களைக் குறைத்து, ஒரு நீராவிக் கப்பலின் பின்னால் இரண்டு மூன்றாகக் கட்டி இழுத்துப் போனார்கள். நல்ல மாலுமிகள் வேண்டியதில்லை, நாலு பேர் போதும், கூலியும் குறைவு. புயலில் இழுவைக் கயிறு அறுந்துவிட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் போதுமான பாய் அந்தக் கப்பலில் இருக்காது. 'டேவிட் டௌஸ்' என்ற ஐந்து பாய்மரக் கப்பலை 1881இல் டொலீடோவில் கட்டினார்கள். 265 அடி. ஏரிகளின் பெருமை என்று கொண்டாடினார்கள். எட்டே வருடத்தில், 1889இல், நிலக்கரி ஏற்றிக்கொண்டு இழுவைக் கயிற்றின் முனையில் வந்தபோது சிகாகோவுக்கு அருகே மூழ்கியது.

இத்தனைக்கும் நடுவில் பாய்க்கப்பலைக் கொஞ்ச காலம் தாங்கிப் பிடித்தது மரப்பலகை வணிகம். மிச்சிகனிலும் விஸ்கான்சினிலும் வெட்டிய வெள்ளைப் பைன் சிகாகோவுக்குப் போனது. 1871 அக்டோபரில் சிகாகோ எரிந்தபிறகு அந்த நகரை மீண்டும் எழுப்பிய பலகைகளில் பெரும்பங்கு பாய்க்கப்பல்களில்தான் வந்து இறங்கியது. சின்னத் துறைகளுக்குள் நுழைந்து காத்திருந்து ஏற்ற நீராவிக் கப்பலுக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் கப்பலைக் கட்டிய காடும் கப்பல் சுமந்த காடும் ஒன்றுதான். மறுநடவு என்ற நினைப்பே அன்று யாருக்கும் இல்லை. 1900 வாக்கில் பைன் காடுகள் தீர்ந்தன. சரக்கும் இல்லை, கப்பலுக்கு ஓக்கும் இல்லை.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். 1890களிலேயே புதிய பாய்க்கப்பல் கட்டுவது ஏறக்குறைய நின்றுவிட்டது. ஆனால் பழையவை அதன்பிறகும் முப்பது நாற்பது வருடம் ஓடின. கட்டுத்துறை மூடியதை யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் ஏரியில் பாய் தெரிந்துகொண்டேயிருந்தது. அந்தப் பாதிக் கப்பலைச் செதுக்கத் தெரிந்த கைகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தது ஏரியைப் பார்த்தவர்களுக்குத் தெரியாது. கடைசிக் கப்பல் மூழ்கும்போதுதான் பத்திரிகைகள் ஒரு யுகம் முடிந்தது என்று எழுதும். அது முடிந்து ஒரு தலைமுறை ஆகியிருக்கும்.

அந்தக் கடைசிக் காலக் கப்பல்கள் எல்லாம் கிழடுகள். 1868இல் மில்வாக்கியில் கட்டிய 'ரௌஸ் சிம்மன்ஸ்' 44 வயதில், 1912 நவம்பரில், கிறிஸ்துமஸ் மரங்களை அடுக்கிக்கொண்டு சிகாகோவுக்குப் போகும்போது எல்லோருடனும் மூழ்கியது. அந்தக் கதையை உணர்ச்சிகரமாக நிறையப் பேர் சொல்லியிருக்கிறார்கள். அதன் பின்னால் இருப்பது எளிய கணக்கு. மலிவாகக் கிடைத்த பழைய கப்பல், பலகை இடுக்குகளில் ஒழுங்காகக் கலப்பற்று அடைக்கக்கூட வருமானம் தராத சரக்கு.

'அவர் சன்' என்ற கப்பல் 1875இல் ஒஹாயோ மாநிலத்து லொரெய்னில் கட்டப்பட்டது. 'எங்கள் மகன்' என்று பொருள். இறந்துபோன மகனின் நினைவாக வைத்த பெயர் என்பார்கள். அது 1930 செப்டம்பரில் மிச்சிகன் ஏரியில் புயலில் சிக்கியது. தலைவர் ஃப்ரெட் நெல்சனுக்கு அப்போது 73 வயது. கொடியைத் தலைகீழாக ஏற்றி உதவி கேட்டார். ஒரு நீராவிக் கப்பல் அந்த அலையிலும் பக்கத்தில் வந்து ஏழு பேரையும் ஏற்றிக்கொண்டது. ஏரிகளில் சரக்கு ஏற்றி ஓடிய கடைசிப் பாய்க்கப்பல்களில் அதுவும் ஒன்று.

அதே லொரெய்னில் 1981இல் 'பால் ஆர். ட்ரெகுர்தா' கட்டப்பட்டது. 1,013 அடிக்கு மேல். ஏரிகளில் இன்றும் அதுதான் மிக நீளமான கப்பல். அடுத்த சில வருடங்களில் அந்தக் கட்டுத்துறையும் மூடியது. அதாவது மரத்துக்கு நடந்தது எஃகுக்கும் நடந்தது. மேனிடோவாக் இரண்டாம் உலகப்போரில் 28 நீர்மூழ்கிகளைக் கட்டி, மிசிசிப்பி வழியாகக் கடலுக்கு அனுப்பிய ஊர். இன்று ஸ்டர்ஜன் பே போன்ற ஒரு சில இடங்களில்தான் பெரிய கப்பல் வேலை மிஞ்சியிருக்கிறது.

கடைசியாக உங்கள் சுற்றுலாக் கப்பல். அதில் பயணம் செய்வதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் கலை அழியவில்லை என்பதற்கு அது சாட்சி ஆகாது. 'ஆல்வின் கிளார்க்' என்ற கப்பலின் கதையைக் கேளுங்கள். 1840களில் கட்டியது, 1864இல் கிரீன் பேயில் மூழ்கியது. ஏரியின் குளிர்ந்த நல்ல தண்ணீரில் கடற்புழு கிடையாது, மரம் நூற்றாண்டுக் கணக்கில் கெடாது. 1969இல் மேலே தூக்கித் தண்ணீரை இறைத்ததும், 105 வருடம் கழித்து, அந்தக் கப்பல் தானாகவே மிதந்தது! மக்கள் திரண்டு பார்த்தார்கள். ஆனால் காற்று பட்ட மரத்தைக் காப்பாற்றத் தேவையான பணமும் அறிவும் யாரிடமும் இல்லை. மெனாமினி ஊர்க் கரையில் அது கண்ணெதிரே உளுத்துப்போய், 1994இல் இயந்திரம் வைத்து இடித்து அள்ளினார்கள். ஒரு கப்பலை மிதக்க வைப்பதும் ஒரு தொழிலை வாழ வைப்பதும் வேறு வேறு. தொழில் என்றால் சரக்கு வேண்டும், மரம் வேண்டும், சம்பளத்துக்கு வேலை கற்க வரும் பையன்கள் வேண்டும்.

கோடை விடுமுறையில் நேரமிருந்தால் மிச்சிகன் மாநிலத்து ஆல்பீனாவுக்குக் குடும்பத்தோடு போய் வாருங்கள். மூழ்கிய கப்பல்களுக்கென்றே 2000இலிருந்து அங்கே ஒரு பாதுகாக்கப்பட்ட நீர்ப்பகுதி இருக்கிறது. அடித்தளத்தில் கண்ணாடி பதித்த படகில் அழைத்துப்போய்க் காட்டுகிறார்கள். இலையுதிர் காலத்துக்கு முன் போங்கள், அப்புறம் ஏரி கொந்தளிக்கத் தொடங்கிவிடும். சிப்பிகள் படர்ந்து மரத்தை மூடிக்கொண்டு வருவதால் தள்ளிப்போடாமல் போவது நல்லது.

அன்புடன்.